முடோன் தோட்டத்து ரம்பம்: இரண்டாவது பிஸ்டனும் தேய்ந்தது ஏன்

பர்மாவில் (மியான்மர்) மோல்மேனுக்குத் தெற்கே முடோன் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் குறைந்த பழைய மரங்களை வெட்டுவதற்காக வைத்திருந்த சங்கிலி ரம்பத்தின் இன்ஜின், ஒரே வெட்டுப் பருவத்துக்குள் இரண்டாம் முறையாகத் தேய்ந்து நின்றது. முதல் முறை நின்றபோது, கார்த்திகை மாதத்தில், பட்டறை ஒன்றில் புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாசி முடிவதற்குள் அந்தப் பிஸ்டனும் போய், கயிற்றை இழுத்தால் கைக்கு எதிர்ப்பே தெரியாத நிலை வந்துவிட்டது. தோட்டக்காரர் நம் தமிழ்ப் பெரியவர். ரம்பம் ஓட்டுபவர் மோன் இன இளைஞர். அந்த இளைஞர் பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்துவிடுகிறார் என்று பெரியவர் முடிவுகட்டி, முதல் பிஸ்டனின் விலையை அவருடைய கூலியிலேயே பிடித்திருந்தார். ரம்பம் என் வீட்டுக்கு வந்தபோது, "பிஸ்டனை மட்டும் மாத்திக் குடு தம்பி, மத்ததை நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்" என்றுதான் சொன்னார்.

பிஸ்டனை மட்டும் மாற்றுவது அரை நாள் வேலை. மூன்றாவது பிஸ்டனும் அதே வழியில் போகாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. முதல் முறை ரம்பத்தைப் பழுதுபார்த்த பட்டறையிலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இயந்திரமும் அதன் வேலையும்

ஜெர்மானிய மாடல் ஒன்றைப் பார்த்துச் சீனாவில் வார்க்கப்பட்ட 72 சிசி ரம்பம் இது. சிலிண்டரின் உள்விட்டம் 52 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லிமீட்டர். நட்டு 25, 30 ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் ரப்பர் மரத்தின் அடிப்பகுதிக்கு இந்த அளவு இன்ஜின் போதுமானது. ஆனால் ரப்பர் மரத்தூளில் பாலின் பிசுக்கு இருப்பதால், அது செயின் ஆயிலோடு சேர்ந்து சிலிண்டரின் குளிர்விக்கும் இதழ்களுக்கிடையே கெட்டியாக அப்பிக்கொள்கிறது. மூடியைக் கழற்றியபோது, சைலன்சர் பக்கத்து இதழ்களில் பாதி இடைவெளி அடைபட்டிருந்தது. சூடு கூடுவதற்கு இது ஒரு துணைக் காரணம். ஆயினும் இது மட்டுமே ஒரு பிஸ்டனைச் சில மாதங்களில் முடித்துவிடாது.

சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் மீட்டரைப் பிளக் துளையில் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுத்ததில் 90 பிஎஸ்ஐ காட்டியது. இந்த வகை இன்ஜின் நல்ல நிலையில் 150 பிஎஸ்ஐக்கு அருகே இருக்க வேண்டும். 110க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சிரமம், 90 என்பது பெரும்பாலும் நின்றுபோன இன்ஜினின் அளவு. பிளக்கின் நுனி காப்பி நிறத்தில் இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

அந்த இளைஞரைத் தனியாக விசாரித்ததில் கிடைத்த தகவல் மீட்டரைவிடப் பயனுள்ளதாக இருந்தது. மரத்தைச் சாய்க்க ரம்பத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியில் அறுக்கும்போதுதான் இன்ஜின் வித்தியாசமாகக் கத்தும் என்றும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சற்று நேரம் வேகம் குறையாமல் ஓடி அதற்கப்புறமே அடங்கும் என்றும், கிளைகளைக் கழிக்கும்போது அப்படி நடப்பதில்லை என்றும் அவர் சொன்னார். ஆக்சிலேட்டரை விட்டும் வேகம் இறங்காத இன்ஜின் எங்கோ கள்ளக் காற்றை, அதாவது கார்புரேட்டர் வழியே வராத காற்றை, இழுக்கிறது என்று எடுத்துக்கொள்வதே மெக்கானிக்குகளின் வழக்கம். ஆனால் படுக்க வைத்தால் மட்டும் ஏன் இழுக்க வேண்டும் என்பது அப்போது விளங்கவில்லை.

பிரிப்பதற்கு முன் பார்த்தவை

சைலன்சரின் திருகுகளைக் கழற்றி எடுத்தால், புகை வெளியேறும் எக்சாஸ்ட் வாய் வழியாகப் பிஸ்டனின் ஒரு பக்கத்தை டார்ச் விளக்கில் பார்த்துவிடலாம். இதற்குச் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை என்பதால், எந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினிலும் நான் முதலில் செய்வது இதுதான். இங்கே பிஸ்டனின் எக்சாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழாக நீளக் கோடுகள் விழுந்து, அலுமினியம் உருகி இழுபட்டதுபோல் பளபளத்தது. மேல் ரிங் அதன் காடியிலேயே பாதி புதைந்து அசையாமல் இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி மறுபக்கம் பார்த்ததில், அங்கே மெல்லிய மங்கல் மட்டுமே இருந்தது, கோடுகள் இல்லை.

இந்த வேறுபாடு முக்கியமானது. பெட்ரோலில் ஆயிலே இல்லாமல் ஓட்டப்பட்ட இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் உரசல் விழும். அடியில் உள்ள பேரிங்குகளும் வறண்டிருக்கும். காற்று வடிகட்டி வழியே தூசி புகுந்திருந்தால், காற்று நுழையும் பக்கம்தான் முதலில் மங்கித் தேயும். எக்சாஸ்ட் பக்கம் மட்டும் உருகி இழுபட்டிருந்தால், அந்தப் பக்கம் ஏற்கெனவே இன்ஜினின் மிகச் சூடான பக்கம் என்பதால், கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு எல்லை மீறியது என்பதே முதல் சந்தேகம்.

ஆகவே சிலிண்டரைக் கழற்றும் முன்னரே காற்றுக் கசிவுச் சோதனையைச் செய்ய வேண்டியிருந்தது; கழற்றிவிட்டால் எந்த இணைப்பு கசிந்தது என்ற தடயமே போய்விடும். பிஸ்டனும் ரிங்கும் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தச் சோதனைக்கு அது தடையில்லை. வாய்கள் எல்லாம் அடைக்கப்பட்ட பின், பிஸ்டனுக்கு மேலும் கீழும் உள்ள இடம் சேர்ந்து ஒரே அறையாகவே கணக்கு. எக்சாஸ்ட் வாயில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்து அதன் மேலேயே சைலன்சரை இறுக்கினேன். காற்று நுழையும் பக்கத்தை எங்கே அடைப்பது என்பதில்தான் கவனம் தேவை. சிலிண்டரின் வாயிலேயே அடைத்தால் அதற்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள ரப்பர் குழல் சோதனைக்கு வெளியே போய்விடும். பலர் இப்படிச் செய்துவிட்டு, இன்ஜின் நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் குழலின் மறுமுனையில், கார்புரேட்டர் உட்காரும் இடத்தில், டியூப் துண்டை வைத்து அடைத்தேன்.

பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க் கேஸின் துடிப்பைக் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் பம்புக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய்தான் காற்றை ஏற்றுவதற்கு வசதியான வழி. அதற்கென்று விற்கும் பம்பும் மீட்டரும் என்னிடம் இல்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பலூனையும் மீட்டரையும் பொருத்தினேன். பட்டறைகளில் 0.5 பார் வரை ஏற்றுவது வழக்கம். இரத்த அழுத்த மீட்டரின் முழு அளவான 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 0.4 பார். வீட்டு வேலைக்கு அது போதும்.

முள் 300இல் அசையாமல் நின்றது. சோப்பு நீரை இரு பக்க ஆயில் சீல்களிலும், சிலிண்டரின் அடிக் கேஸ்கெட்டிலும், ரப்பர் குழலைச் சுற்றியும் தடவியும் ஒரு குமிழ் வரவில்லை. பிறகு 60 மில்லி ஊசிக் குழல் ஒன்றை அதே குழாயில் மாட்டி உள்ளே இருந்த காற்றை வெளியே இழுத்து விட்டேன். தண்டு இழுத்த இடத்திலிருந்து தானே திரும்பி முழுவதும் உள்ளே போனது. எங்கேனும் காற்று உள்ளே புகுந்திருந்தால் அது பாதி வழியில் நின்றிருக்கும். சீலின் உதடு உள்நோக்கி இழுக்கப்படும்போது மட்டும் கசியும் பழுதை அழுத்தச் சோதனை காட்டாது என்பதால், இந்த இரண்டாவது சோதனையை விடக் கூடாது.

இரண்டிலும் இன்ஜின் தேறிவிட்டது. அந்த இளைஞர் சொன்னது நினைவில் இல்லாவிட்டால் சோதனை அத்தோடு முடிந்திருக்கும். மறுபடியும் 300க்கு ஏற்றி, ரம்பத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பிளேடை மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மரம் சாய்க்கும்போது இழுப்பதுபோல் பின்கைப்பிடியை இழுத்தேன். முள் கண்ணெதிரே சரிந்து 80க்கு வந்தது. கைப்பிடியை விட்டதும் சரிவு நின்றது. ரப்பர் குழலின் அடிப்பக்கத்தில், கழுத்துப் பட்டைக்கு ஒட்டிய மடிப்பில், சோப்பு நுரை கிளம்பியிருந்தது. குழலைக் கழற்றி விரலால் வளைத்துப் பார்த்தபோது அந்த மடிப்பு உதடுபோல் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டு, விரிசல் இருந்த சுவடே தெரியவில்லை.

ஏன் அங்கே விரிந்தது

இந்த வகை ரம்பங்களில் இன்ஜின் ஒரு துண்டு. கைப்பிடியும் பெட்ரோல் டேங்கும் சேர்ந்து இன்னொரு துண்டு. அதிர்வு கைக்கு ஏறாமல் இருக்க இரண்டையும் ரப்பர் தாங்கிகள் இணைக்கின்றன. கார்புரேட்டர் கைப்பிடித் துண்டில் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டர் இன்ஜின் துண்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுப்பது அந்த ரப்பர் குழல் ஒன்றுதான். இந்த ரம்பத்தில் தாங்கிகள் பெட்ரோலும் ஆயிலும் ஊறிக் கொழகொழத்துப் போயிருந்தன. கைப்பிடியை இழுத்தால் அது இன்ஜினை விட்டு ஏறக்குறைய ஒரு விரல் அகலம் விலகியது. அந்த விலகல் முழுவதையும் குழல் தாங்க நேர்ந்து, மடிப்பில் வெடித்திருக்கிறது. கிளை கழிக்கும்போது யாரும் அவ்வளவு பலமாகக் கைப்பிடியை இழுப்பதில்லை என்பதால் அப்போது விரிசல் மூடியே இருந்தது.

கார்புரேட்டரைத் தாண்டி உள்ளே வரும் கள்ளக் காற்றில் பெட்ரோல் இல்லை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே வருகிறது. எனவே பெட்ரோல் குறையும்போது சூடு கூடுவதோடு, அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டிய ஆயிலும் அதே நேரத்தில் குறைகிறது. பிஸ்டனுக்கு ஆயில் போதவில்லை என்று பெரியவர் சொன்னது அந்த அளவில் சரியே; ஆனால் போத்தலில் ஆயில் கலக்கப்பட்டிருந்தது. சிலிண்டரைக் கழற்றிய பின் இதற்கு நேரடிச் சான்றும் கிடைத்தது: கனெக்டிங் ராடின் அடியிலும் இரு கிராங்க் பேரிங்குகளிலும் ஆயில் படலம் ஈரமாக இருந்தது, நீலம் பாய்ந்த இடம் எங்கும் இல்லை. ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடிய இன்ஜினின் அடிப்பகுதி அப்படி இருக்காது. பெரியவரை அழைத்து அதை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இந்த ஓட்டை ரப்பருக்கா அவன்கிட்டக் காசு புடிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர், அந்த வாரக் கூலியோடு தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

சிலிண்டரைக் காப்பாற்றுதல்

மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் சிலிண்டர் தேய்ந்தால் போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம் என்பதால், இங்கேயும் அதையே செய்யலாமே என்ற யோசனை வந்தது. அது கூடாது. அந்த மோட்டார் சைக்கிள்களில் உள்ளே இரும்பு லைனர் (உள்ளுறை) இருக்கிறது. ரம்பத்தின் சிலிண்டரோ முழுவதும் அலுமினியம், அதன் உட்சுவரில் மிக மெல்லிய கடினப் பூச்சு மட்டுமே உண்டு. நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள்களைப் பதித்த பூச்சை ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் வான்கெல் இன்ஜினுக்காகக் கொண்டுவந்தது. பிறகு அது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கும் பரவியது. விலை குறைந்த சிலிண்டர்களில் குரோமியப் பூச்சும் உண்டு. இரண்டில் எதைப் போர் செய்தாலும் பூச்சு போய் வெறும் அலுமினியம்தான் மிஞ்சும்.

நல்லவேளையாக, இத்தகைய சிலிண்டரில் கோடு விழுந்ததுபோல் தெரிவது பெரும்பாலும் பூச்சில் விழுந்த கோடு அல்ல; பிஸ்டனிலிருந்து உருகி வந்து ஒட்டிய அலுமினியம். அதைக் கரைக்கப் பலர் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். நிக்கல் பூச்சு சற்று நேரம் அதைத் தாங்கும், குரோமியம் தாங்காது. கையில் இருப்பது எந்தப் பூச்சு என்று உறுதியில்லாத சிலிண்டருக்குக் காஸ்டிக் சோடாவே பாதுகாப்பானது, ஏனெனில் அது இரண்டையும் விட்டுவிட்டு அலுமினியத்தை மட்டும் கரைக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். வெளிவருவது தீப்பற்றும் ஹைட்ரஜன்.

கரைசலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒட்டியிருந்த கோடுகளின் மேல் மட்டும் வைத்தால் உடனே நுரைத்துக் கறுக்கிறது. துடைத்துவிட்டு மீண்டும் வைக்க வேண்டும். எக்சாஸ்ட் வாயின் ஓரத்தில் வெறும் அலுமினியம் தெரிவதால் அங்கே வழிய விடக் கூடாது. ஒட்டிய உலோகம் தீர்ந்த இடத்தில் நுரை தானாக நிற்கும். நிற்காமல் ஒரே புள்ளியில் நுரைத்துக்கொண்டே இருந்தால் அங்கே பூச்சு போய்விட்டது என்று பொருள். அந்தச் சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இங்கே எல்லா இடத்திலும் நின்றது. வினிகராலும் பிறகு நிறைய தண்ணீராலும் கழுவி, 400ஆம் எண் உப்புத்தாளை ஆயிலில் நனைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் தேய்த்த பின், நகத்தைக் குறுக்கே ஓட்டியதில் எங்கும் தட்டவில்லை.

பழைய ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி வைத்து ஃபில்லர் கேஜால் அதன் வாய் இடைவெளியை அளந்தபோது 1 மில்லிமீட்டருக்கும் மேல் இருந்தது. புதிய ரிங்கில் அது 0.25. சில மாத ஓட்டத்துக்கு இது அதிகத் தேய்மானம். விரிசல் வழியே வந்த காற்று வடிகட்டியைத் தாண்டாமல் வந்த காற்று என்பதால் தூசியும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். மறுபக்கத்தில் பார்த்த மங்கலுக்கும் அதுவே காரணம்.

பூட்டுதல்

பிஸ்டன், ரிங், பின், ஊசி பேரிங், இரு ஆயில் சீல்கள், ரப்பர் குழல், தாங்கிகள், கார்புரேட்டரின் டயாஃபிராம் (மெல்லிய சவ்வு) செட் ஆகியவை ரங்கூனிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தன. சீல்கள் சோதனையில் தேறியிருந்தாலும், இவ்வளவு பிரித்த பின் அவற்றைப் பழையதாகவே விடுவது பொய்ச் சிக்கனம்.

கிளட்ச் இடது மரையில் இருப்பதால் வலப்பக்கம் சுற்றித்தான் கழற்ற வேண்டும். கிராங்க் சுற்றாமல் பிடிக்கப் பிளக் துளை வழியே கயிற்றை நுழைப்பார்கள். பிஸ்டன் ஏறி எக்சாஸ்ட் வாயை மூடிய பிறகே நுழைக்க வேண்டும், இல்லையேல் கயிறு வாயில் சிக்கி நசுங்கும். பிஸ்டனின் தலையில் உள்ள அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம் நோக்க வேண்டும். ரிங்கின் இரு நுனிகளும் காடியில் உள்ள சிறு ஊசியை அணைத்து நிற்க வேண்டும்; அவை வாய்களுக்கு நேரே போகாமல் காப்பது அந்த ஊசிதான். அதே காரணத்தால், சிலிண்டரை இறக்கும்போது திருகக் கூடாது. பின்னைப் பிடிக்கும் வளையங்களைப் பழையதில் இருந்து எடுத்துப் போடக் கூடாது. புதியதன் திறந்த வாய் நேர் மேலோ நேர் கீழோ நிற்க வேண்டும்.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை, பற்றவைக்கும் ஈயக் கம்பியைப் பிளக் துளை வழியே ஓரம் வரை செலுத்தி நசுக்கி அளந்தேன்: 0.9 மில்லிமீட்டர். 0.5க்குக் கீழே போகாதவரை கவலையில்லை. ஃபிளைவீலுக்கும் காயிலுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் விடப்பட்டது.

புதிய குழலையும் தாங்கிகளையும் போட்டபின் கசிவுச் சோதனை மறுபடியும் நடந்தது. கைப்பிடியை எப்படி இழுத்தும் முள் 300ஐ விட்டு இறங்கவில்லை.

ஓட்டிப் பார்த்ததும் எஞ்சியதும்

ஆயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றோரப் பட்டணத்தில் படகு மோட்டார் ஆயில் சுலபமாகக் கிடைக்கிறது. டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட அந்த ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது, காற்றில் குளிரும் ரம்பத்தின் சூட்டுக்கு ஏற்றதல்ல. ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியில் எஃப்சி அல்லது எஃப்டி என்று குறித்ததையே வாங்க வேண்டும். முதல் சில டேங்குகளுக்கு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25க்கு 1 என்று கலந்தோம். இந்த அளவுக்கு ஒரு குறியிட்ட போத்தலை அந்த இளைஞரே செய்து வைத்திருக்கிறார்.

கார்புரேட்டரின் இரு திருகுகளையும் முழுவதும் மூடி, ஒரு சுற்றுத் திறந்து தொடங்கினேன். முழு வேகத்தில் சுமை இல்லாதபோது சத்தம் சற்றுக் கரகரத்து, மரத்தில் இறங்கியதும் தெளிவாக வேண்டும். சுமையில்லாமலே சத்தம் தெளிந்து கூவினால் பெட்ரோல் குறைவு. ஸ்டார்ட்டான உடனே கம்ப்ரெஷன் 135 பிஎஸ்ஐ; ரிங் பதிந்த பிறகு 150ஐத் தொட்டது. படுக்க வைத்து அறுத்தாலும் ஆக்சிலேட்டரை விட்டவுடன் வேகம் இறங்குகிறது.

மழைக்காலத்தில் ரம்பத்தை டேங்கில் பெட்ரோலோடு மூலையில் வைப்பது தோட்டத்தில் பழக்கமாக இருந்தது. டயாஃபிராம் விறைத்திருந்ததற்கு அதுவே காரணம். வைகாசிக்கு முன் டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெட்டு தொடங்கும் ஒவ்வொரு பருவத்திலும் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, விலகல் கூடியிருந்தால் குழலோடு சேர்த்துத் தாங்கிகளையும் மாற்றிவிட வேண்டும்.

கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்கை மாற்றவில்லை. பக்கவாட்டில் சிறிது ஆடுகிறது, அது இயல்பு. மேலும் கீழும் ஆட்டம் இல்லை. ஆனால் தூசி புகுந்த இன்ஜின் என்பதால் அது நீண்ட நாள் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மேல்கீழ் ஆட்டம் தொடங்கினால் கிராங்க் முழுவதையும் பேரிங்குகளோடு மாற்ற நேரும். அந்தச் செலவைப் போட்டு இந்த ரம்பத்தை வைத்துக்கொள்வதில் லாபமில்லை, அப்போது சிலிண்டரையும் புதிய உதிரிகளையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன்.